மினியாபொலிஸ் ஏரி, ஓடைச் சைக்கிள் சுற்று: எங்கே தொடங்கலாம், எந்தப் பக்கமாகப் போகலாம்?

தாமிரபரணிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கிறார், ஆகஸ்ட் வரை இருப்பார். அறுபதைத் தாண்டியவர். ஆனாலும் மார்க்கெட்டுக்கு இன்றும் சைக்கிள்தான், அதனால் மூச்சு வாங்குமோ என்ற கவலை எனக்கு இல்லை. மால் ஆஃப் அமெரிக்காவை ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டு, "வேற என்னப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

மிட்டவுன் கிரீன்வே சைக்கிள் தடம், மிசிசிப்பிக் கரை, மின்னஹாஹா அருவி, அப்புறம் ஓடைக்கரையோடு நோகோமிஸ், ஹாரியட், பெடே மக்கா ஸ்கா ஏரிகள் என்று ஒரு சுற்று வரைபடத்தில் தெரிகிறது. முழுக்கத் தார்த் தடம்தானா? கார்களோடு கலந்து போகவேண்டிய இடம் உண்டா? அவரால் ஒரே மூச்சில் முடியுமா? எங்கே தொடங்கினால் நல்லது?

---

ஓடைக்கரை எழுதியது:

நல்ல யோசனை. நீங்கள் சொன்ன சுற்று ஏறக்குறைய 25 கிலோமீட்டர் வரும். ஏரிகளை முழுதாகச் சுற்றினால் இன்னும் கூடும். மொத்தமும் தார்த் தடம்தான். சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்கள் உண்டு, காரோடு தோளுரசிப் போகும் இடம் என்று எதுவும் இல்லை. ஏற்றமும் பெரிதாக இல்லை. ஹாரியட் ஏரி நோகோமிஸைவிடப் பத்து மீட்டர்தான் மேலே இருக்கிறது. அந்தப் பத்து மீட்டரும் ஓடை நெடுகப் பரவிக் கிடப்பதால் காலுக்குத் தெரியாது.

எந்தப் பக்கமாகப் போவது என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி. கிரீன்வே கிழக்கு மேற்காக அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி போகும். சாயங்காலம் அதில் மேற்கு நோக்கி வந்தால் சூரியன் நேரே கண்ணில் இருக்கும். எதிரே வருகிறவர் நிழலுருவமாகத்தான் தெரிவார். ஆகவே மாலையில் கிளம்பினால் வலஞ்சுழி: முதலில் கிரீன்வேயில் கிழக்கே போய், ஆற்றோரமாகத் தெற்கே திரும்பி, அருவி பார்த்துவிட்டு, ஓடையோடு மேற்கே வந்து ஏரிகளில் முடியுங்கள். சூரியன் இறங்கும் நேரத்தில் தண்ணீர் ஓரத்தில் இருப்பீர்கள். காலையில் கிளம்பினால் இதை அப்படியே திருப்பிப் போடுங்கள்.

ஹாரியட்டிலும் பெடே மக்கா ஸ்காவிலும் சைக்கிள் தடம் பெரும்பகுதி ஒருவழி, கடிகார முள் போகும் திசையில். தரையில் அம்புக்குறி இருக்கும். இதனால் உங்கள் சுற்றுக்கு இடைஞ்சல் இல்லை. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஏரியின் ஒரு பாதிக் கரை கிடைத்துவிடும். வலஞ்சுழியாக வந்தால் மேற்குக் கரை, இடஞ்சுழியாக வந்தால் கிழக்குக் கரை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒன்று மறந்துவிட்டேன். பழைய வரைபடங்களிலும் சில பலகைகளிலும் கால்ஹூன் ஏரி என்று இருக்கும். அது பெடே மக்கா ஸ்காவேதான். 2018-இல் மாநில அரசு டகோட்டா பழங்குடியினர் வைத்த பழைய பெயருக்கே மாற்றிவிட்டது.

---

மூன்றாம்_கியர் எழுதியது:

ஓடைக்கரை சொன்னதில் பாதிதான் எனக்குச் சம்மதம். ஊரிலிருந்து வந்த அப்பாவை எதற்காகக் கிரீன்வேயில் கூட்டிப் போகவேண்டும்? அது அலுவலகம் போகிறவர்களின் நெடுஞ்சாலை. பள்ளத்துக்குள்ளே போகும், இரண்டு பக்கமும் சரிவு, மேலே பாலம், பாலம், பாலம். எந்தத் தெருவுக்குக் கீழே இருக்கிறோம் என்பதே தெரியாது. கிறுக்கிய சுவர்களைப் பார்க்கவா பாளையங்கோட்டையிலிருந்து வந்தார்?

ஹாரியட்டில் காரை நிறுத்துங்கள். ஓடையோடு அருவி வரை போங்கள், அதே வழியில் திரும்புங்கள். பதினைந்து பதினாறு கிலோமீட்டர்தான். நல்லதெல்லாம் அதற்குள் வந்துவிடும்.

---

லிண்டன்ஹில்ஸ்_அக்கா எழுதியது:

தம்பி மூன்றாம்_கியர், அந்தப் பள்ளத்தைப் பழிக்காதீர்கள். அது ஏன் பள்ளமாக இருக்கிறது தெரியுமா? மில்வாக்கி ரோடு ரயில் கம்பெனியின் தண்டவாளம் 29-ஆம் தெருவில் தரைமட்டத்தில் ஓடியது. குறுக்கே போகும் ஒவ்வொரு தெருவிலும் ரயிலுக்காக ஜனங்கள் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. 1912-க்கும் 1916-க்கும் இடையே தண்டவாளத்தையே பள்ளத்தில் இறக்கி, மேலே தெருக்களுக்குப் பாலம் கட்டினார்கள். பிறகு ரயில் குறைந்தது, பள்ளம் குப்பைமேடானது. அக்கம்பக்கத்து ஜனங்கள் விடாமல் கேட்டு வாங்கிய தடம் இது. முதல் பகுதி 2000-இல் திறந்தார்கள்.

அன்றைக்கு ரயிலுக்காகத் தெருவைத் தடுக்கக்கூடாது என்று தோண்டினார்கள். இன்றைக்கு அதனாலேயே சைக்கிள்காரனுக்கு நகரத்துக்கு நடுவில் சிக்னல் இல்லாத வழி கிடைத்திருக்கிறது. ஊரில் சிக்னலில் புகை குடித்தே பழகிய ஒருவருக்கு அதைக் காட்டாமல் அருவியை மட்டும் காட்டுவீர்களா? குற்றாலம் பார்த்த திருநெல்வேலிக்காரர் அவர். நம்முடைய 53 அடி அருவியைப் பார்த்து மரியாதைக்காக "நல்லாருக்கு" என்பார்.

கிழக்கே ஹயவாத்தா அவென்யூவைத் தாண்டும் சேபோ பாலத்தில் மட்டும் நின்று பாருங்கள். 2007-இல் கட்டிய தொங்குகம்பிப் பாலம், சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் மட்டும். கீழே கார்களும் ரயிலும் ஓட, டவுன்டவுன் கோபுரங்கள் வரிசையாகத் தெரியும். 2012-இல் அதன் கம்பிகள் சில அறுந்து, சில மாதம் மூடி வைத்துச் சரிசெய்தார்கள். இப்போது பயமில்லை.

இருட்டிய பிறகு மட்டும் பள்ளப் பகுதி வேண்டாம். வழிப்பறிச் செய்திகள் அவ்வப்போது வருகின்றன. பகலில் கூட்டம் இருக்கும்.

---

கார்பன்_கால்கள் எழுதியது:

ஏரித் தடங்களில் மணிக்கு 10 மைல் வரம்பு என்று எழுதிப் போட்டிருக்கிறார்களே, அதை யாராவது மதிக்கிறீர்களா? 16 கிலோமீட்டர் வேகத்தில் ரோடு பைக் ஓட்டினால் தூக்கம் வருகிறது.

---

ஓடைக்கரை எழுதியது:

தூக்கம் வந்தால் ஏரிக்கரை பார்க்வேயில் கார்களோடு போங்கள், அங்கே சைக்கிளுக்குத் தடையில்லை. தடத்தில் நான்கு வயதுக் குழந்தை துணைச்சக்கரத்தோடு இப்படி அப்படி ஆடிக்கொண்டு வரும். அதற்குப் பின்னால் உங்கள் 25 மைல் வேகம் எதற்கு?

---

கார்பன்_கால்கள் எழுதியது:

25 என்று யார் சொன்னது? சரி, பார்க்வே யோசனை நல்லதுதான். ஆனால் இந்தச் சட்டத்தை மின்சைக்கிள்காரர்களிடமும் கொஞ்சம் சொல்லுங்கள். மிதிக்காமலே என்னைத் தாண்டிப் போகிறார்கள்.

---

தாமிரபரணிக்காரன் எழுதியது:

சண்டை வேண்டாம். அப்பாவுக்கு 10 மைலே அதிகம். கிரீன்வேயையும் சேர்த்தே போகிறோம் என்று முடிவு செய்துவிட்டேன், அக்கா சொன்ன காரணம் பிடித்திருக்கிறது. மாலைதான் வசதி, எனவே வலஞ்சுழி.

இரண்டு சந்தேகம். பாதியில் அவரால் முடியவில்லை என்றால் எப்படித் திரும்புவது? அப்புறம், என்னிடம் ஒரே சைக்கிள்தான், அவருக்கு வாடகைக்கு எடுக்கவேண்டும். எந்த மாதிரி எடுக்கலாம்?

---

பனிக்கால_மிதிப்பு எழுதியது:

திரும்புவது சுலபம். அருவிப் பூங்காவை ஒட்டியே ப்ளூ லைன் ரயில் நிற்கிறது, 50-ஆம் தெரு நிலையம். சைக்கிளோடு ஏறலாம், பெட்டிக்குள் தொங்கவிடக் கொக்கி இருக்கிறது. லேக் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கினால் கிரீன்வே பக்கத்திலேயே. பேருந்துகளிலும் முன்னால் இரண்டு சைக்கிள் வைக்கும் தாங்கி உண்டு. ஆக, சுற்றின் நடுப்புள்ளியிலேயே தப்பிக்கும் வழி இருக்கிறது. அருவியில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

வாடகைச் சைக்கிளில் சீட் உயரம், கியர் எல்லாம் கடைக்காரரே சரிசெய்து தருவார். அவர் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன், தயவுசெய்து கவனியுங்கள். நம் ஊர் சைக்கிளில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு, இடக்கை பின்சக்கரத்துக்கு. இங்கே தலைகீழ். இடக்கைதான் முன்பிரேக். ஐம்பது வருடப் பழக்கத்தில், இறக்கத்தில் பின்பிரேக் என்று நினைத்து இடக்கையை இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரம் நின்றுவிடும், ஆள் கைப்பிடிக்கு மேலே பறப்பார். எங்கள் மாமா ஒருவர் இப்படித்தான் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். ஊரில் உள்ள ரப்பர் கட்டை பிரேக்கைவிட இங்குள்ள டிஸ்க் பிரேக் பலமடங்கு வேகமாகப் பிடிக்கும், அது வேறு.

தரையில் காலூன்றி மெதுவாக உருட்டி, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் பின்னால் மிதித்தால் நிற்கும் பெடல் பிரேக் சைக்கிளாக எடுங்கள், பிரச்சினையே இல்லை.

அப்புறம் வலப்பக்கம். இங்கே தடத்தில் வலப்புறம் ஒதுங்கிப் போகவேண்டும், முந்துவது இடப்புறமாக. பின்னாலிருந்து "லெப்ட்" என்று யாராவது குரல் கொடுத்தால், அது உங்கள் இடப்பக்கமாக முந்தி வருகிறேன் என்ற அறிவிப்பு. நம் ஆட்கள் லெப்ட் என்று கேட்டதும் இடப்பக்கம் ஒதுங்கி நேராக அவன் மேலேயே போய் நிற்பார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

---

மூன்றாம்_கியர் எழுதியது:

பிரேக் விஷயம் நல்ல தகவல். இதை இந்த இழையின் தலையில் ஒட்டி வைக்கலாம்.

---

புதுவரவு_செயின்ட்பால் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அருவியில் இப்போது தண்ணீர் இருக்கிறதா? இங்கு குடிவந்த கோடையில் ஆசையாகப் போனோம். பாறை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். செப்டம்பரில் சுத்தமாக வற்றிவிட்டது.

---

ஓடைக்கரை எழுதியது:

நீங்கள் வந்தது 2022 அல்லது 2023 ஆக இருக்கவேண்டும், இரண்டும் வறட்சி வருடங்கள். இந்த ஓடை தானாகப் பெருகி வருவதல்ல. மேற்கே மினிட்டோங்கா ஏரியின் கிரேஸ் பே என்ற மூலையிலிருந்து 22 மைல் ஓடி மிசிசிப்பியில் சேர்கிறது. அந்த மூலையில் ஒரு சிறிய அணை. ஏரி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 928.6 அடிக்குக் கீழே போய்விட்டால் மதகை அடைத்துவிடுவார்கள். பிறகு மழைநீர்க் குழாய்களில் வருவதும் ஊற்றும்தான். மழை இல்லாவிட்டால் ஓடைப் படுகையில் கூழாங்கல் தெரியும், அருவி சொட்டும்.

இதில் பழைய கதை ஒன்று உண்டு. 1964 ஜூனில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அருவியைப் பார்க்க வந்தார். அப்போதும் வறட்சி. நகராட்சிக்காரர்கள் மேலே தெருக்களில் தீயணைப்புக் குழாய்களைத் திறந்துவிட்டு ஓடையை நிரப்பி, அருவியை விழ வைத்தார்கள். மந்திரி வருகைக்கு ஒரே இரவில் ரோடு போட்டுப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நேர்மாறாக 2014 ஜூனில் வெள்ளம். ஓடையோரத் தடம் பல இடங்களில் தண்ணீருக்கு அடியில் போய், வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. ஆகையால் போவதற்கு முந்தைய வாரம் மழை எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைக்குத் தண்ணீர் நன்றாகவே வருகிறது.

என்னைப் பொறுத்தவரை அருவியைவிட ஓடைதான் இந்தச் சுற்றின் உயிர். ஏரியில் வெயிலும் எதிர்க்காற்றும் உண்டு. ஓடைப் பள்ளத்தில் இரண்டுமே இல்லை. நிக்கலட் அவென்யூவின் உயரமான பாலத்துக்குக் கீழே போகும்போது மேலே பேருந்து ஓடுவதே காதில் விழாது.

---

லிண்டன்ஹில்ஸ்_அக்கா எழுதியது:

இந்த ஏரிகளுக்கும் கொஞ்சம் கதை உண்டு. இன்று நாம் பார்க்கும் வடிவம் முழுக்க இயற்கை இல்லை. ஐல்ஸ் ஏரியும் நோகோமிஸும் முன்பு ஆழமில்லாத, சதுப்பு நிறைந்த ஏரிகள். தியடோர் வொர்த் 1906 முதல் 1935 வரை பூங்காத் துறையின் மேலதிகாரி. அவர் காலத்தில்தான் தூர்வாரி, வாரிய சேற்றைக் கரையில் கொட்டி நிலமாக்கினார்கள். நாம் சைக்கிள் ஓட்டும் கரை பல இடங்களில் அந்தச் சேறுதான். அதனால்தான் சில இடத்தில் தடம் அமுங்கி, மழைக்குப் பிறகு தண்ணீர் தேங்குகிறது. 1911-இல் ஐல்ஸையும் பெடே மக்கா ஸ்காவையும் கால்வாய் வெட்டி இணைத்தபோது ஊரே திரண்டு திருவிழா கொண்டாடியது.

அதற்கும் முன்னால், 1883-இல், ஹொரேஸ் கிளீவ்லாண்ட் என்ற நிலவடிவமைப்பாளர் ஏரிக்கரைகளை எல்லாம் பொதுச்சொத்தாக வாங்கிப் போடுங்கள், பின்னால் விலை கட்டாது என்று சொன்னார். நகரம் கேட்டது. அதே வருடம் தொடங்கிய பூங்கா வாரியம் நகராட்சிக்குக் கட்டுப்படாதது. அதன் உறுப்பினர்களைத் தனியாக ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். ஏரிக்கரையில் ஒரு அடிகூடத் தனியார் வேலி இல்லாமல் சுற்ற முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். சுற்றும்போது மாளிகைகளைப் பாருங்கள், எல்லாமே சாலைக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும்.

---

தாமிரபரணிக்காரன் எழுதியது:

போய் வந்துவிட்டோம்! சனிக்கிழமை மாலை. கேட்டவர்களுக்காக விவரமாகவே எழுதுகிறேன்.

பிரேக் சோதனையைக் கடை வாசலிலேயே செய்தோம். அப்பா முதலில் "எனக்கு சைக்கிள் சொல்லித் தரியா?" என்ற பார்வை பார்த்தார். உருட்டிக்கொண்டே இடக்கையைப் பிடித்ததும் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. பிறகு பேச்சே இல்லை. வழிநெடுக இடக்கையின் இரண்டு விரலை மடக்கியே வைத்திருந்தார். ஸ்டாண்ட் இல்லை, கேரியர் இல்லை, "இதில் எதை வைத்துக் கட்டுவது" என்பதுதான் அவருடைய ஒரே குறை. தண்ணீர் பாட்டிலைக் கைப்பிடியில் துண்டால் கட்டிவிட்டார். அதோடுதான் 25 கிலோமீட்டரும்.

கிரீன்வே அவருக்குப் பிடித்தது, மூன்றாம்_கியர் மன்னிக்கவேண்டும். ரயில் பள்ளம் என்று சொன்னதும் பாலங்களின் காங்கிரீட் தூண்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். ரயில்வேயில் இருந்தவர்.

அருவியைப் பற்றி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. "நல்லாருக்கு" என்றார். அங்கே சைக்கிளைப் பூட்டிவிட்டுப் படியிறங்கி ஏறியதில்தான் அவருக்குக் கால் வலித்தது, மிதித்ததில் இல்லை. பூங்காவில் உள்ள மீன் உணவுக் கடையில் வரிசை நீளம். கட்டிக்கொண்டு போன புளியோதரையை மரத்தடியில் சாப்பிட்டோம். ரயில் ஏறலாமா என்று கேட்டேன், முறைத்தார்.

நோகோமிஸ் பக்கம் விமானங்கள் தலைக்கு மேலே இறங்குவதால் பேச்சு பாதியில் பாதியில் நின்றது. போர்ட்லண்ட் அவென்யூ முனையில் அந்த வெண்கல முயல் சிலை. காதுகள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. யாரோ கழுத்தில் காகிதப்பூ மாலை போட்டிருந்தார்கள். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, முயலின் பாதம் தேய்ந்து பளபளப்பாக இருப்பதைக் காட்டினார். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து உட்கார்ந்து அப்படி ஆகியிருக்கிறது. "எந்த ஊரானாலும் சிலைக்கு மாலை போட ஆள் இருக்கு" என்றார்.

ஹாரியட்டில் வாத்துக் கழிவுதான் கொடுமை. தடம் முழுக்கப் பச்சைப் பச்சையாக. மட்கார்டு இல்லாத சைக்கிள், என் முதுகு முழுவதும் புள்ளி.

---

ஓடைக்கரை எழுதியது:

அவை கனடா வாத்துகள், சட்டம் காப்பாற்றுகிறது, நாம் ஒன்றும் செய்யமுடியாது. மட்கார்டு மாட்டுங்கள்.

அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். துண்டு யோசனையை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

---

புதுவரவு_செயின்ட்பால் எழுதியது:

குளிர்காலத்தில் இந்தத் தடங்களை மூடிவிடுவார்களா?

---

பனிக்கால_மிதிப்பு எழுதியது:

மூடமாட்டார்கள், பனி வாரும் வண்டி வரும். கிரீன்வேயைப் பல நாள் தெருக்களுக்கு முன்பே சுத்தம் செய்துவிடுகிறார்கள். பிரச்சினை பனி இல்லை, பகலில் உருகி இரவில் உறையும் ஐஸ்தான். ஓடைத்தடம் நிழலில் இருப்பதால் அங்கே ஐஸ் நாள்கணக்கில் கிடக்கும். ஆணி பதித்த டயர் இல்லாமல் ஜனவரியில் ஓடைப்பக்கம் போகாதீர்கள். தடத்தில் உள்ள தண்ணீர்க் குழாய்களையும் குளிரில் அடைத்துவிடுவார்கள்.

---

கார்பன்_கால்கள் எழுதியது:

வடக்கேயும் சேர்த்து, நகரைச் சுற்றிப் போகும் கிராண்ட் ரவுண்ட்ஸ் தடம் முழுவதையும் யாராவது ஒரே நாளில் முடித்திருக்கிறீர்களா? 50 மைல் என்கிறார்கள்.

---

லிண்டன்ஹில்ஸ்_அக்கா எழுதியது:

முடிக்கலாம், ஆனால் அது இன்னும் முழு வளையமே இல்லை. வடகிழக்கில் ஸ்டின்சன் பக்கத்திலிருந்து ஆறு வரை ஒரு இடைவெளி உண்டு. நூறு வருடமாகத் திட்டத்தில் இருக்கிறது. கிடங்குகளும் ரயில் பாதைகளும் நிறைந்த பகுதி, சாதாரணத் தெருக்களில்தான் போகவேண்டும். லாரி நடமாட்டம் அதிகம், அதனால் ஞாயிறு காலை போங்கள்.

வடமேற்கில் விக்டரி மெமோரியல் டிரைவ் உண்டு. முதல் உலகப்போரில் இறந்த இந்த மாவட்டத்தார் நினைவாக மரம் நட்டு 1921-இல் திறந்த நேரான சாலை, அங்கே உங்கள் வேகத்துக்கு இடம் இருக்கும். ஏற்றம் வேண்டும் என்றால் அதற்குத் தெற்கே வொர்த் பூங்காவில் இருக்கிறது. தாமிரபரணிக்காரன் அப்பாவையும் அங்கே கூட்டிப்போவதாக இருந்தால், பெடல் பிரேக் சைக்கிள் வேண்டாம், கியர் உள்ளதாக எடுங்கள்.